போட்ட காசு: லண்டனில் சீட்டும் போக்கரும் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

சீட்டாட்டத்துக்கு எம்மவரிடையே என்றைக்கும் நல்ல பெயர் இருந்ததில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். குடிகாரனுக்குப் பக்கத்தில் சூதாடி, அவனுக்குப் பக்கத்தில் நோயாளி. பாரதமோ பகடை மேசையில் நாட்டை வைத்து இழந்து காடேகியவர்களின் கதை. அந்தக் கதையை வாசிகசாலையிலும் கோயில் முன்றிலிலும் கேட்டு வளர்ந்த நாங்கள், கதை முடிந்ததும் எழும்பிப் போய்ச் சீட்டு ஆடினோம்.

யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டம் என்றால் முன்னூற்றுநாலு. முப்பத்திரண்டு சீட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஓர் இனத்துக்கு 76. நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஜாக்கும் ஒன்பதும் ஆசை வெட்டுவது உலகத்தில் எல்லா இடத்திலும் உள்ள வழக்கம் அல்ல. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் சுவிற்சர்லாந்தின் யாஸ் ஆட்டத்திலும் துரும்பு இனத்தில் இதே ஒழுங்கு உண்டு. சீட்டு வரலாற்றாசிரியர்கள் எங்கள் முன்னூற்றுநாலையும் அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் 1795இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இஸ்கோப்பன், கலாவரை என்ற சொற்களை மட்டும் எங்கள் வாயில் விட்டுப் போனார்கள்.

1983க்குப் பின் லண்டனுக்கு வந்தவர்களோடு இந்த ஆட்டமும் வந்தது. ரூட்டிங்கிலும் ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ஓர் அறையில் ஐந்தாறு பேராக இருந்த காலத்தில், பெற்றோல் நிலையத்து இரவு வேலை முடித்து வந்தவரும் பகல் வேலைக்குப் போகக் காத்திருந்தவரும் சந்தித்துக்கொண்ட இடம் சீட்டுப் பாய்தான். தோற்றவர் தேத்தண்ணி போட வேண்டும். பெரும்பாலும் அவ்வளவுதான் பந்தயம்.

அந்தப் பாயிலிருந்து போக்கர் மேசைக்குப் போனவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்கு முன்னூற்றுநாலு தெரியாது, போக்கர் தெரியும். இந்த இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் உள்ள தூரம் வெறும் விதிகளின் தூரம் அல்ல. அந்தத் தூரத்தை அளக்க, லண்டன் நகரம் சீட்டாட்டத்தை எப்படிக் கற்றது, யாரிடம் கற்றது என்ற பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கதையின் முதல் ஆசிரியர் ஓர் அகதி.

2

ஆபிரகாம் டி மொய்வர் 1667இல் பிரான்சில் பிறந்தவர். புரட்டஸ்தாந்து மதத்தவர். 1685இல் பதினாலாம் லூயி மன்னன் நாந்து ஆணையை இரத்துச் செய்து, அந்த மதத்தவர்களுக்கு இருந்த பாதுகாப்பை ஒரே கையெழுத்தில் இல்லாமற் செய்தான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. மதம் மாறாதவர்கள் சிறைக்குப் போனார்கள், அல்லது கடல் கடந்தார்கள். டி மொய்வர் பாரிசில் ஒரு மடாலயத்தில் அடைத்து வைக்கப்பட்டு, பின்னர் வெளிவந்து லண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டிய பருவம்.

லண்டனில் அவர் செய்தது எங்களில் பலருக்குத் தெரிந்த தொழில்தான்: வீடு வீடாகப் போய் ரியூசன் கொடுத்தார். நியூற்றனின் பெரிய நூல் கைக்கு வந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு திரிய இயலாமல் தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்து, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு நடக்கும் நேரத்தில் படித்தார் என்று சொல்வார்கள். நியூற்றன் அவருக்கு நண்பரானார், ஹாலியும் நண்பரானார். 1697இல் றோயல் சொசைற்றி அவரை உறுப்பினராக எடுத்தது. ஆனால் ஒரு பல்கலைக்கழகப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. பிறநாட்டவர் என்பது அதற்கு ஒரு தடையாக இருந்தது.

சென்ற் மார்ட்டின்ஸ் லேனில் ஸ்லோட்டர்ஸ் என்றொரு கோப்பிக்கடை இருந்தது. அங்கே அவர் உட்கார்ந்திருப்பார். சூதாடிகளும் காப்புறுதிக்காரரும் வந்து, இன்ன பந்தயம் கட்டினால் வெல்லும் வாய்ப்பு என்ன என்று கேட்பார்கள். அவர் கணக்குப் பார்த்துச் சொல்லிக் காசு வாங்குவார். 1718இல் அவர் வெளியிட்ட வாய்ப்புக்களின் கோட்பாடு என்ற ஆங்கில நூல், பகடையையும் சீட்டையும் இலாபச்சீட்டையும் கணிதத்தின் மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டியது. நூலை நியூற்றனுக்குச் சமர்ப்பித்தார். இன்றைய புள்ளிவிபரவியலும் காப்புறுதிக் கணக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. அவரோ 1754இல் ஏழையாகவே லண்டனில் இறந்தார்.

அவர் விடுவித்த கணக்குகளில் ஒன்றை எம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் 100 பவுண், எதிராளியிடம் 900 பவுண். ஒவ்வொரு முறையும் ஒரு பவுண் பந்தயம். இருவருக்கும் சமவாய்ப்பு, ஏமாற்று இல்லை. ஒருவர் கை வெறுமையாகும் வரை ஆட்டம். நீங்கள் முழுவதையும் வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்று. எல்லாவற்றையும் இழக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. ஆட்டம் நீதியானதுதான். ஆனால் சிறிய கையோடு உட்கார்ந்தவருக்கு ஒரு கெட்ட காலத்தைத் தாங்கும் பலம் இல்லை. பெரிய கைக்கு உண்டு. நீதியான ஆட்டத்திலேயே நிலைமை இதுவென்றால், வீட்டுக்காரருக்குச் சாதகமாகச் சாய்ந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சிறிய கையோடு அந்நிய நகருக்கு வந்த ஒருவர் இந்தக் கணக்கைச் செய்தார் என்பதை நான் தற்செயலாக நினைப்பதில்லை.

3

டி மொய்வர் கணிதம் எழுதினார். அதைச் சாதாரண ஆட்டக்காரருக்கு இறக்கிக் கொடுத்தவர் எட்மண்ட் ஹொயில். அவரும் லண்டனில் ரியூசன் வாத்தியார்தான். ஆனால் சொல்லிக்கொடுத்தது விஸ்ற் என்ற சீட்டாட்டம். 1742இல் அந்த ஆட்டம் பற்றி ஒரு சிறுநூல் அச்சிட்டார். விலை ஒரு கினி, அதாவது இருபத்தொரு சிலிங். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. உடனே கள்ளப் பதிப்புக்கள் வந்தன. ஹொயில் தன் புத்தகப் பிரதிகளில் கையெழுத்துப் போட்டு, கையெழுத்து இல்லாதது கள்ளப் பதிப்பு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 1751இல் பிராக் என்ற ஆட்டம் பற்றியும் எழுதினார். கையில் உள்ளதை மறைத்துப் பந்தயம் ஏற்றி எதிராளியை வெருட்டும் ஆங்கில ஆட்டம் அது. போக்கரின் முன்னோர் என்று சொல்லப்படுபவற்றில் பிராக்கும் ஒன்று.

அரசும் இந்த மேசையில் தன் பங்கை எடுத்தது. ஆன் மகாராணி காலத்தில், 1711இல், ஒவ்வொரு சீட்டுக்கட்டுக்கும் ஆறு பென்ஸ் வரி வந்தது. வரி கட்டியதன் அடையாளம் பின்னர் இஸ்கோப்பன் ஆசில் பொறிக்கப்பட்டது. அந்த ஒற்றைச் சீட்டைக் கள்ளமாக அச்சிட்ட குற்றத்துக்காக 1805இல் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வரி 1960இல்தான் ஒழிந்தது. இன்றும் இஸ்கோப்பன் ஆசு மற்ற ஆசுகளைவிடச் சோடனையாக இருப்பதற்குக் காரணம் இந்த வரிதான். எங்கள் வீட்டுச் சீட்டுக்கட்டிலும் அந்த வரிக்காரரின் முத்திரையின் நிழல் கிடக்கிறது.

4

போக்கர் லண்டனில் பிறந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்தில், மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் வளர்ந்தது. பிரெஞ்சுக்காரரின் போக் என்ற ஆட்டத்திலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்பர். தொடக்கத்தில் இருபது சீட்டுத்தான்: நாலு பேருக்கு ஐந்தைந்து, மாற்றிக்கொள்ள முடியாது. இதை நேரில் கண்டு எழுதியவர்களில் ஒருவர் ஜோ கோவல் என்ற ஆங்கில நாடக நடிகர். 1829இல் ஆற்றுப் படகில் கண்டதை, 1844இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புக்களில் எழுதினார். பின்னர் ஆட்டம் ஐம்பத்திரண்டு சீட்டுக்கு விரிந்தது. வேண்டாத சீட்டைக் கொடுத்து வேறு சீட்டு எடுக்கும் முறையும் சேர்ந்தது.

அந்த ஆட்டத்தை லண்டன் பெருந்தனக்காரருக்குக் கற்பித்தவர் ஒரு தூதுவர். ஒகாயோ மாநிலத்தைச் சேர்ந்த றொபேட் ஷெங்க், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்தவர். 1862இல் வலது கை காயப்பட்டு வழங்காமற் போனது. 1871 முதல் 1876 வரை லண்டனில் ஐக்கிய அமெரிக்காவின் தூதுவர். சொமசெற்றில் வோல்டகிறேவ் சீமாட்டியின் வீட்டு விருந்தொன்றில் அவர் போக்கர் கற்பித்தார் என்றும், சீமாட்டி கேட்டுக்கொண்டபடி விதிகளை எழுதிக் கொடுத்தார் என்றும், அவர் அதைத் தனிப்பட அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. போக்கர் விதிகளை விளக்கிய ஆரம்ப நூல்களில் அந்தச் சிறுபிரசுரம் இடம்பெறுகிறது.

ஆனால் ஷெங்கின் பெயர் லண்டனில் கெட்டது சீட்டினால் அல்ல. 1871இல் யூற்றா மாநிலத்து எம்மா வெள்ளிச் சுரங்கத்தின் பங்குகளை லண்டனில் விற்க ஒரு கம்பனி தொடங்கப்பட்டது. முதல் பத்து இலட்சம் பவுண். அதன் இயக்குநர்களில் ஒருவராகத் தூதுவரின் பெயரும் அச்சாகியிருந்தது. ஒரு நாட்டின் தூதுவரே நிற்கிறார் என்று நம்பிப் பலர் பங்கு வாங்கினார்கள். சுரங்கத்தில் வெள்ளி தீர்ந்தது, பங்குகள் விழுந்தன. அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக்கு நடுவில் 1876இல் அவர் பதவி விலகினார். மோசடிக் குற்றத்திலிருந்து குழு அவரை விடுவித்தது; ஆனால் அவர் நடந்துகொண்ட முறையைக் கண்டித்தது.

போக்கர் மேசையில் எல்லோருக்கும் தெரியும், எதிரே இருப்பவர் வெருட்டக்கூடும் என்று. பங்கு வாங்கியவர்களுக்கு அது ஒரு போக்கர் மேசை என்பதே தெரியாது. சூதைவிடக் கண்ணியமான வியாபாரம் என்று நாம் நினைக்கும் பலவற்றில் இந்த வேறுபாட்டைக் கவனிக்கலாம்.

5

இனி ஆட்டத்துக்கு வருவோம். தெரிந்த வாசகர்கள் பொறுத்தருள்க.

ஐம்பத்திரண்டு சீட்டிலிருந்து ஐந்து சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். அவற்றில் 13,02,540 விதம் ஒன்றுக்கும் உதவாதவை. ஒரு சோடி மட்டும் உள்ளவை 10,98,240. இரண்டு சோடி 1,23,552. மூன்று ஒரேமாதிரி 54,912. ஐந்தும் இலக்க வரிசையில் வந்தால் ஸ்ற்ரெயிற்; அது 10,200. ஐந்தும் ஒரே இனமானால் பிளஷ்; அது 5,108. மூன்று ஒருமாதிரி, இரண்டு ஒருமாதிரி என்றால் புல் ஹவுஸ்; 3,744. நான்கு ஒரேமாதிரி 624. ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து, 40 மட்டுமே. எது அரிதோ அது பெரிது. விதி இவ்வளவுதான், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இப்போது பெரும்பாலும் ஆடப்படுவது ரெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, கவிழ்த்து. பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறக்கப்படும், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. கையில் உள்ள இரண்டையும் நடுவில் உள்ள ஐந்தையும் சேர்த்துச் சிறந்த ஐந்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். உங்கள் முறை வரும்போது எதிராளி வைத்த தொகைக்கு ஈடாக வைக்கலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கைவிட்டு விலகலாம். எல்லோரும் விலகினால் மிஞ்சியவருக்கே குவியல்; அவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதும் இல்லை.

நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள முதல் வேறுபாடு, அவர் கைவிடும் எண்ணிக்கை. இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். இரண்டும் ஆசாக வருவது 221 தடவையில் ஒரு தடவை. ஆகவே கிடைத்த சீட்டெல்லாம் ஆடுவதற்கல்ல. இரண்டாவது வேறுபாடு, இருக்கும் இடம். கடைசியாகப் பேசுபவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். அதே சீட்டு முதலாவதாகப் பேசுபவர் கையில் இருந்தால் பெறுமதி குறைவு.

மூன்றாவது, விலை. கையில் ஆடுத்தன் இரண்டு, நடுவில் திறந்த மூன்றில் ஆடுத்தன் இரண்டு. இன்னொன்று வந்தால் பிளஷ். உங்களுக்குத் தெரியாத சீட்டு 47. அதில் ஆடுத்தன் 9. அடுத்த சீட்டு உங்களுக்குச் சாதகமாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. எதிராளி பந்தயம் வைத்தபின் நடுவில் 100 பவுண் இருக்கிறது. நீங்கள் 20 வைக்க வேண்டும். இதே நிலை 47 தடவை வந்தால் 9 தடவை 100 பவுண் கிடைக்கும்: 900. மற்ற 38 தடவை 20 பவுண் போகும்: 760. ஆகவே வைக்கலாம். நடுவில் இருப்பது 40 பவுண் மட்டும் என்றால், வருவது 360, போவது அதே 760. அடுத்த சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கைவிட வேண்டும். சீட்டு ஒன்றே, நம்பிக்கையும் ஒன்றே. விலை மட்டும் வேறு. சீட்டு நல்லதா என்று கேட்பதோடு புதியவர் நின்றுவிடுகிறார். பழகியவர், இந்த விலைக்கு நல்லதா என்றும் கேட்கிறார்.

இந்தக் கணக்கில் ஓர் இலக்கம் இல்லாமலிருப்பதைக் கவனியுங்கள். நடுவில் உள்ள 100 பவுணில் நீங்கள் முன்னர் போட்டது எவ்வளவு என்பது எங்கும் வரவில்லை. அது வரவே கூடாது. கையை விட்டுப் போன காசு உங்களுடையது அல்ல, அது குவியலுடையது. போட்டதை விட்டு எப்படி எழும்புவது என்று நினைக்கும் கணத்தில் ஒருவர் ஆடுவதை நிறுத்திவிட்டு இழக்கத் தொடங்குகிறார். போக்கர் பற்றி எழுதப்பட்ட தடித்த புத்தகங்களில் பாதி இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

நான்காவது, வெருட்டு. இதில் லண்டனுக்கு ஒரு கதை உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்கா சென்ற கணிதவியலாளர் ஜோன் வொன் நோய்மன் 1928இலேயே விளையாட்டுக்களின் கோட்பாட்டை எழுதியவர். அதுபற்றி அவர் லண்டனில் ஒரு ரக்சியில் வைத்துத் தன்னோடு பேசியதை ஜேக்கப் புறொனோவ்ஸ்கி பின்னர் பதிவுசெய்தார். புறொனோவ்ஸ்கி போலந்தில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர்; சதுரங்கப் பிரியர். சதுரங்கம் போன்ற விளையாட்டைத்தானே சொல்கிறீர்கள் என்று அவர் கேட்க, சதுரங்கம் விளையாட்டே அல்ல, அது கணக்கு என்றாராம் நோய்மன். உண்மையான வாழ்க்கையில் மறைப்பும் வெருட்டும் உண்டு; நான் என்ன செய்யப்போகிறேன் என்று மற்றவன் நினைக்கிறான் என்பதை நான் நினைக்க வேண்டியிருக்கிறது. தன் கோட்பாடு அதைப் பற்றியது என்பது அவர் பதிலின் சாரம். 1944இல் மோர்கன்ஸ்ரேர்னுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூலில் போக்கருக்கு ஓர் இடம் உண்டு. நல்ல சீட்டுக்கு மட்டும் பந்தயம் ஏற்றுபவரை எல்லோரும் அறிந்துகொள்வார்கள். அவருடைய நல்ல சீட்டுக்கும் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். ஆகவே ஓர் அளவுக்கு வெருட்டுவது குணக்கேடு அல்ல, கணக்கின் தேவை என்று அவர்கள் காட்டினார்கள்.

முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது எப்படி என்று இந்த ஊரில் புத்தகம் போட்டு விற்கிறார்கள். எம்மவர் பலர் அதை இலவசமாகக் கற்றவர்கள். ஆனையிறவிலும் வவுனியாவிலும் சோதனைச் சாவடி வரிசையில் நின்று, பிறகு ஏதோ ஒரு விமான நிலையத்தில் வேறொருவர் பெயருள்ள கடவுச்சீட்டோடு நின்று கற்றது. அந்த மேசையில் கைவிடும் வசதி இருக்கவில்லை என்பதே வித்தியாசம்.

6

சட்டம் இந்த ஆட்டத்தை எப்படிப் பார்த்தது? பிரித்தானியாவில் 1845ஆம் ஆண்டுச் சட்டம், சூதில் பட்ட கடனை நீதிமன்றத்தில் அறவிட முடியாது என்றது. அந்த நிலை 2007 வரை நீடித்தது. 1960இல் சட்டம் தளர்ந்தவுடன் லண்டனெங்கும் சூதுக் கூடங்கள் முளைத்தன; கூடவே ரவுடிக் கும்பல்களும் வந்தன. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இறுக்கியது. கசினோவுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கசினோ கடன் கொடுக்கக் கூடாது. உறுப்பினராகப் பதிந்தவர் குறிப்பிட்ட நேரம் காத்திருந்த பின்னரே ஆடலாம். இந்தக் காத்திருப்பு விதி எனக்குப் பிடித்தமானது. சம்பளக் காசோடும் கோபத்தோடும் வருபவருக்கு ஒரு நித்திரைக்கான நேரத்தை அது கொடுத்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது போய்விட்டது.

எட்ஜ்வெயர் றோட்டில் உள்ள விக்டோரியா கசினோ லண்டன் போக்கருக்குப் பெயர்போன இடம். கவிஞரும் விமர்சகருமான அல் அல்வரெஸ் அங்கே ஆடியவர். லாஸ் வேகாஸ் போக்கர் உலகைப் பற்றி 1983இல் அவர் எழுதிய நூல் இலக்கியவாதிகளையும் போக்கர் பக்கம் திருப்பியது. 1999இல் சனல் 4 தொலைக்காட்சி, மேசையில் கண்ணாடி பதித்து ஆட்டக்காரரின் மறைந்த சீட்டுக்களைப் பார்வையாளருக்குக் காட்டத் தொடங்கியது. அதுவரை பார்ப்பதற்குச் சலிப்பான ஆட்டம், இப்போது வெருட்டுபவரின் கையையும் முகத்தையும் ஒரே நேரத்தில் காட்டியது. பிறகு இணையம் வந்தது. 2006இல் ஐரோப்பியச் சுற்றுப்போட்டியின் லண்டன் ஆட்டத்தை வென்று விக்டோரியா கோரென் 5,00,000 பவுண் எடுத்தார். 2007இல் லண்டனில் நடந்த உலகத் தொடர் ஐரோப்பியப் போட்டியில் பத்தொன்பது வயது நிறையாத நோர்வேப் பெண் அனெற் ஒப்ரெஸ்ராட் 10 இலட்சம் பவுண் வென்றார். வென்றவர்களின் பெயர்கள் இப்படி ஆண்டோடும் தொகையோடும் எழுதப்படுகின்றன. தோற்றவர்களுக்குப் பட்டியல் இல்லை.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா? கிளார்க்கன்வெல்லில் கட்ஷொட் என்ற போக்கர் கிளப்பின் வழக்கு ஸ்னெயர்ஸ்புறூக் நீதிமன்றத்துக்கு வந்தது. இது திறமை ஆட்டம், அனுமதிப் பத்திரம் தேவையில்லை என்பது கிளப் நடத்தியவரின் வாதம். 2007 ஜனவரியில் யூரிமார் அவரைக் குற்றவாளி என்றனர். இன்றைய பிரித்தானியச் சட்டத்தில் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்தது எதுவும் அதிர்ஷ்ட ஆட்டம்தான்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் பேசப்பட்ட காலத்தில், 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. இணையத்தில் பணம் வைத்து ரம்மியும் போக்கரும் ஆடுவதைத் தடைசெய்யும் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இவை இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அந்தப் பகுதியைச் செல்லாதாக்கியது. 2025இல் இந்திய மத்திய அரசு, திறமை அதிர்ஷ்டம் என்ற பேதமில்லாமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. லண்டன் யூரிமாரும் சென்னை நீதிபதிகளும் எதிர்த்திசையில் போனாலும், இருவருமே ஓரளவு சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு கையில் அதிர்ஷ்டம். பத்தாயிரம் கையில் திறமை. ஆனால் அந்தப் பத்தாயிரம் கைவரை தாங்க முதல் வேண்டும். டி மொய்வரின் கணக்கு அங்கேதான் காத்திருக்கிறது.

7

போக்கரில் நீங்கள் நிறுவனத்தோடு ஆடுவதில்லை, மற்ற ஆட்டக்காரரோடுதான் என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பங்கையோ, இருந்த நேரத்துக்குக் கட்டணத்தையோ மேசை எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேசையில் உள்ள எல்லோரும் சேர்ந்து எப்போதும் இழந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த இழப்பை மீறி வெல்பவர் சிலரே. அந்தச் சிலர் கைவிடத் தெரிந்தவர்கள்.

எங்களுக்கு ஏன் அது கடினம் என்று யோசித்திருக்கிறேன். முன்னூற்றுநாலில் கைவிடுதல் கிடையாது. நாலு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து, மிச்சம் நாலையும் வாங்கியபின், வந்தது வந்ததுதான். எட்டுச் சீட்டையும் ஆடியே தீர வேண்டும். எதிரே ஒரு கூட்டாளி இருக்கிறார். நீங்கள் விழுந்தால் அவர் தூக்குவார். தூக்க முடியாவிட்டால் ஏசுவார். இருவருமாகத் தேத்தண்ணி போடுவீர்கள். போக்கரில் கூட்டாளி இல்லை. அங்கே ஏசவும் ஒருவர் இல்லை என்பதை அந்த மேசையிலிருந்து தனியே வீடு திரும்புபவர் அறிவார்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் சீட்டு என்பதற்கு வேறொரு பொருளும் இருக்கிறது. மாதாமாதம் பத்திருபது பேர் காசு கட்டி, அவசரக்காரர் கழிவு கேட்டு எடுக்கும் சீட்டு. லண்டனில் வங்கி கதவு திறக்காத காலத்தில் எங்களில் பலருடைய கடையும், வீட்டு முற்பணமும், தங்கையை எடுப்பித்த காசும் இந்தச் சீட்டிலிருந்து வந்தவை. அங்கேயும் கேள்வி உண்டு, மறைப்பு உண்டு, யாருக்கு எவ்வளவு அவசரம் என்ற ஊகம் உண்டு. ஆனால் அது நம்பிக்கையில் நிற்கும் சீட்டு. ஒருவர் அதை எடுத்து மற்றச் சீட்டில் இழக்கும்போது, இழப்பது அவர் காசு மட்டும் அல்ல. ஒன்பதாம் மாதம் தன் முறை வரும் என்று காத்திருப்பவரின் காசும்தான்.

இழந்து வந்தவர்கள் நாங்கள். வீடு, காணி, படிப்பு, வயது. வந்தபின்னும் ஏஜென்சிக்குக் கட்டிய கடன். இப்படி வந்த ஒருவருக்கு, போட்டதை மீட்க வேண்டும் என்பது ஆசை அல்ல. அது நியாயம் போலத் தோன்றும். உலகம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்றும், அடுத்த சீட்டில் அது தீரும் என்றும் தோன்றும். சீட்டுக்கு இது ஒன்றும் தெரியாது. ஐம்பத்திரண்டு சீட்டும் யாருக்கும் கடன்பட்டவை அல்ல. இவ்வளவு கொடுத்துவிட்டோம், இனி எப்படி விடுவது என்ற வாதத்தை மேசைக்கு வெளியேயும் நாங்கள் கேட்டிருக்கிறோம்; எல்லாத் தரப்பிலும் கேட்டிருக்கிறோம். உயிர்கள் பந்தயக் காசு அல்ல என்பதால் அந்த ஒப்புமையை நான் இதற்கு மேல் கொண்டுபோக விரும்பவில்லை. ஆனால் வாதத்தின் உருவம் ஒன்றுதான் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இந்த நாட்டில் இப்போது கைவிடுவதற்கும் சில வாசல்கள் உண்டு. 2008இல் லண்டனில் சூது நோயாளருக்கான தேசிய சுகாதார சேவையின் முதலாவது சிகிச்சை நிலையம் தொடங்கியது. இணையச் சூதுத் தளங்கள் தன்னை உள்ளே விடாதபடி ஒருவர் தானாகவே பெயர் பதியும் கேம்ஸ்ரொப் என்ற ஏற்பாடு இருக்கிறது. சூதுக்குக் கடனட்டை பாவிப்பது 2020 ஏப்ரலில் தடைசெய்யப்பட்டது. வள்ளுவர் சூதை மருந்துக்கு முதல் அதிகாரத்தில் வைத்தது எந்தக் கருத்தில் என்று தெரியாவிட்டாலும், ஒழுங்கு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

போக்கர் ஆட வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது. அதில் நல்ல கணக்கும் நல்ல பொறுமையும் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பிளஷும் புல் ஹவுசும் சொல்லிக்கொடுப்பதற்கு முன், நடுவில் கிடக்கும் குவியலைக் காட்டி, இதில் நீ போட்டது எவ்வளவு என்று கேட்கட்டும். பிள்ளை ஓர் இலக்கத்தைச் சொல்லும். அது பிழை என்று சொல்லிக்கொடுக்கட்டும். சரியான விடை: ஒன்றுமில்லை.